தொடரின் நாயகன் அலுத்துவிட்டால் சாகடித்துவிடலாமா?

வருஷக்கணக்காக எழுதிய துப்பறியும் நாயகன் எழுதுகிறவருக்கே சலித்துவிட்டான், அடுத்த கதையில் கொன்றுவிடலாமா என்பது கேள்வி. கொல்லலாம், ஆனால் உடலைக் காட்டாதீர்கள்.

ஆர்தர் கோனன் டாயில் தன் சரித்திர நாவல்களைத்தான் பெரிதாக நினைத்தார். அவர் படைத்த துப்பறியும் நாயகன் ஷெர்லக் ஹோம்ஸ் அதற்கு இடைஞ்சலாகத் தெரிந்ததால், 1893இல் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் அவன் கதையை முடித்தார். 1901இல் மறுபடி எழுதியபோது, அது சாவுக்கு முந்தைய வழக்கு. 1903இல் உயிரோடே கூட்டிவந்துவிட்டார். அவன் விழுந்ததை, கதை சொல்லும் நண்பர் வாட்சன் பார்க்கவில்லை என்பதுதான் கை கொடுத்தது. விளிம்புவரை போய்த் திரும்பாத இரண்டு பேரின் (அவனும் அவன் எதிரியும்) காலடித் தடங்கள், பாறைமேல் ஒரு கடிதம், அவ்வளவுதான் சாட்சி.

அலுப்புக்குப் பெரும்பாலும் காரணம், நாயகன் எப்போதும் ஜெயிப்பதுதான். ஒரு வழக்கில் தோற்கவிடுங்கள். அல்லது அவனைப் பிடிக்காத ஒருவர் பார்வையில் ஒரு அத்தியாயம் எழுதிப் பாருங்கள்; அவனிடம் நீங்களே கவனிக்காத குணம் தட்டுப்படும்.

வெறுப்போடு எழுதினால் தகவல் பிசகும், வெறுப்பு இல்லாவிட்டாலும் பிசகும். வாட்சனின் குண்டுக்காயம் 1887 நாவலில் தோளில், 1890 நாவலில் காலில்! ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டுப் போடுங்கள்: வயது, தழும்பு, யாரை என்ன முறை சொல்லி அழைப்பான். மூன்றாம் அத்தியாயத்து மாமா ஒன்பதாவதில் சித்தப்பா ஆவது அடிக்கடி நடக்கிற பிழை, ஆகவே ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் அத்தியாய எண்ணையும் எழுதிவிடுங்கள்.