பிரவுசரில் சரியாகத் திறக்கும் சர்வர், மொபைல் ஆப்பில் மட்டும் சான்றிதழ் பிழை காட்டுவது ஏன்?

'இது உண்மையான சர்வர்தான்' என்று காட்டும் சான்றிதழை, அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டில் எடுத்து, எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் போட்டிருப்பீர்கள். லேப்டாப் குரோமில் திறந்து பார்த்து, எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று கிளம்பியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

இரவு பத்தரைக்கு போன். ஆண்ட்ராய்டு ஆப்பில் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. ஆப் எழுதிய தம்பி மேல்தான் பழியைப் போட்டேன். "அண்ணா, பிரவுசர்ல வர்றதாலயே சர்வர் சரின்னு அர்த்தமில்ல" என்றான். எரிச்சலாக இருந்தது. எச்டிடிபிஎஸ் வரும் 443 போர்ட் திறந்திருக்கிறதா, பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் சரியா என்று ஒரு மணி நேரம் ஓடியது. பதற்றத்தில் சான்றிதழைத் திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒரே பெயருக்கு 7 நாளில் 5 தான் தருவார்கள், அதையும் தீர்த்துவிட்டேன்.

கடைசியில், சர்வர் எந்தச் சான்றிதழ்களை அனுப்புகிறது என்று காட்டும் ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையை ஓட்டினேன். சான்றிதழ்ச் சங்கிலியில் 0 என்று ஒன்றுதான் இருந்தது. அதன் கீழே 1 என்று வரவேண்டிய, நம் சான்றிதழை போன் ஏற்கெனவே நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைச் சான்றிதழைக் காணோம். சான்றிதழை எடுத்துத் தரும் செர்ட்பாட் நிரல், சான்றிதழும் சாவியும் அடங்கிய நான்கு பெம் கோப்புகள் வைக்கும். நான் எஞ்சின்எக்ஸ் கான்ஃபிகில் இடைச் சான்றிதழும் சேர்ந்த 'ஃபுல்செயின்' கொடுக்காமல், நம் சான்றிதழ் மட்டும் உள்ள 'செர்ட்' கொடுத்திருந்தேன். இடையில் ஒன்று விட்டுப்போனால் குரோம் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு ஆப் பொதுவாக அப்படித் தேடாது, சர்வர் கொடுத்ததை வைத்துத்தான் பார்க்கும். ஒரு வார்த்தையை மாற்றி ரீலோட் செய்தேன், சரியாகிவிட்டது.

உங்களுக்கும் அநேகமாக இதுதான். முதலில் அந்தக் கோப்பின் பெயரைப் பாருங்கள்.

'வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் கிளவுட் லோட் பேலன்சரில் சான்றிதழை விட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே' என்று சிலர் சொல்வார்கள். தெரியும். மாதக் கடைசியில் கிளவுட் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற சின்ன கம்பெனி எங்களுடையது. ஒரே ஒரு சர்வர்.

சரி, சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் மீட்டிங்கில், "இலவசம்னாலே இப்படித்தான்" என்று முடிவு கட்டி, காசு கொடுத்து வேறு சான்றிதழ் வாங்கினார்கள். அதிலும் இடைச் சான்றிதழ் தனிக் கோப்பாகத்தான் வந்தது. இரண்டையும் ஒட்டிப் போட்டது நான்தான். அப்புறம் அந்த இரவு வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஓடிய ஆட்டோ காசு 240 ரூபாயைக் கேட்டேன். பட்ஜெட் இல்லை என்றார்கள்.