சிங்கப்பூர் டிரஸ்டிலிருந்து வரும் வாடகை: மன்னார்குடியில் வரி உண்டா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மன்னார்குடியில் இருக்கிறேன். சிங்கப்பூரில் குடியேறிய என் பெரியப்பா, தன் அடுக்குமாடி வீட்டை அங்கே ஒரு டிரஸ்ட் பேரில் மாற்றிவைத்திருந்தார். அவர் காலமான பிறகு, 2024 ஜூன் முதல் வீட்டு வாடகையில் ஒரு பங்கு என் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. வரி பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். "சொந்தக்காரர் கொடுத்த பணத்துக்கு வரி கிடையாது அக்கா" என்கிறான் தம்பி. போன முறை ஐடிஆர் 1 என்ற ரிட்டர்ன் படிவத்தில் பென்ஷனை மட்டும் காட்டினேன். இது சரியா?

பதில்: தம்பி சொல்கிற விதி உண்மைதான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் வருமான வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் இருக்கிறார்கள். பெரியப்பா தன் கையால் அனுப்பியிருந்தால் எவ்வளவு பெரிய தொகைக்கும் வரி இல்லை. உயில் வழியாக அந்த வீடே உங்களுக்கு வந்திருந்தாலும் இல்லை. இப்போது அனுப்புவது டிரஸ்டி, அதாவது டிரஸ்டை நிர்வகிப்பவர். வருவதும் சொத்து அல்ல, சொத்தின் வாடகை. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் தாத்தா ஒரு கடையை எழுதிவைத்தால் கடைக்கு வரி இல்லை, மாதாமாதம் வரும் கடை வாடகைக்கு உண்டு. அந்தக் கடை சிங்கப்பூரில் இருந்தாலும் இதே கதைதான். இந்தியாவில் நிரந்தரமாக வசிப்பவருக்கு உலகில் எங்கிருந்து வருமானம் வந்தாலும் இங்கே கணக்கு உண்டு.

பாஸ்புக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டிரஸ்ட் பத்திரத்தின் நகலை டிரஸ்டியிடம் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பங்கு இத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதா, அல்லது யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

பங்கு நிர்ணயிக்கப்பட்டிருந்தால், அந்த வாடகை நேரடியாக உங்கள் கைக்கு வந்ததாகவே சட்டம் பார்க்கும். வாடகை வாடகையாகவே இருக்கும். எனவே வீட்டு வருமானத்துக்கான 30 சதவீதக் கழிவும் உங்களுக்கு உண்டு. ஆனால் டிரஸ்டி பணத்தை அனுப்பாமல் அங்கேயே வைத்திருந்தாலும் உங்கள் பங்குக்கு வரி வரும். டிரஸ்டியின் விருப்பம் என்று இருந்தால் நிலைமை வேறு. பங்கிடாத வருமானம் உங்களுடையது ஆகாது. குஜராத்தின் கோண்டல் சமஸ்தான மகாராஜா அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏற்படுத்திய டிரஸ்டுகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் ஏறத்தாழ இதைத்தான் சொன்னது. பங்கிட்டுக் கொடுத்த பிறகு அது எந்த வகை வருமானம் என்பதில் வாதங்கள் உண்டு. வருடாவருடம் வாடகையிலிருந்து வரும் தொகையை வருமானமாகக் காட்டிவிடுவதுதான் நிம்மதி என்பது என் கருத்து.

"அங்கேதான் வரி கட்டியாயிற்றே?" சிங்கப்பூரில் வசிக்காத பயனாளிகளின் பங்குக்கு டிரஸ்டியிடமே 17 சதவீதம் வாங்கிவிடுகிறார்கள், அதோடு அங்கே கணக்கு முடிந்தது. இங்கே முடியவில்லை. இந்தியாவும் சிங்கப்பூரும் 1994இல் போட்ட ஒப்பந்தம் வரியை ரத்து செய்யாது, அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ள விடும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

2025-26க்கு புதிய வரி முறையில் ஒரு கணக்கு பார்ப்போம். நிலையான கழிவு போக பென்ஷன் 7 லட்சம். வரி பிடிக்கும் முன் வாடகைப் பங்கு 10 லட்சம், 30 சதவீதம் போக 7 லட்சம். மொத்தம் 14 லட்சம். பென்ஷன் மட்டும் என்றால் 12 லட்சத்துக்குள், தள்ளுபடியால் வரி பூஜ்யம். வாடகை சேர்ந்ததும் அந்தத் தள்ளுபடி போய்விடும். வரி 90,000, அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 93,600. இதில் சரிபாதி, 46,800, வாடகையால் வந்தது. சிங்கப்பூரில் உங்கள் பங்குக்கு 1,30,000 ரூபாய் கட்டியிருந்தாலும் கழிக்கக்கூடியது இந்த 46,800தான். மீதி திரும்ப வராது. இன்னொரு 46,800ஐ நீங்கள் இங்கே கட்ட வேண்டும். உங்களுக்கு வயல் குத்தகை ஏதும் வந்தால் அதை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் விகிதம் சற்று ஏறும்.

சிங்கப்பூரில் கட்டிய வரியை இங்கே கழிக்கக் கேட்க படிவம் 67 வேண்டும். உங்கள் பங்கு எவ்வளவு, அதற்குக் கட்டிய வரி எவ்வளவு என்று உங்கள் பெயர் போட்டு டிரஸ்டி தரும் சான்றும் வேண்டும். வரி கட்டியது டிரஸ்டியின் பெயரில் என்பதால் இந்தக் காகிதம் இல்லாவிட்டால் அதிகாரி கேள்வி கேட்பார். ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

டெல்டாவில் பலர் கேட்கும் இன்னொன்று: மலேசியாவில் தாத்தா விட்டுப்போன ரப்பர் தோட்டம், செம்பனைத் தோட்டத்து வருமானம் விவசாய வருமானம்தானே? இல்லை. அந்த விலக்கு இந்தியாவில் இருக்கும் நிலத்துக்கு மட்டும். திருத்துறைப்பூண்டி சம்பாவுக்கு உண்டு, பேராக் செம்பனைக்குக் கிடையாது.

வரியை விட எனக்குக் கவலை தருவது நீங்கள் ஐடிஆர் 1 போட்டதுதான். வெளிநாட்டு டிரஸ்டில் பயனாளியாக இருப்பவர் அதைப் பயன்படுத்தக் கூடாது. உங்களுக்கு ஐடிஆர் 2. அதில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதியில், வரி வராவிட்டாலும், டிரஸ்ட் விவரத்தைக் காட்ட வேண்டும். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் கணக்கு. காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. 2024 அக்டோபர் முதல் 20 லட்சம் வரையிலான சொத்துகளுக்குச் சலுகை வந்தது, ஆனால் அசையாச் சொத்துக்கு அது கிடையாது. உங்கள் டிரஸ்டில் இருப்பதே வீடு என்பதால் அதை நம்பி இருக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்து நிதிக் கணக்கு விவரங்கள் வருடந்தோறும் நம் வருமான வரித் துறைக்குத் தானாகவே வருகின்றன.

போன முறை விட்டது 2024-25 வருமானம் என்றால், திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு போய்விட்டது. மிச்சமிருப்பது ஐடிஆர் யூ, அதாவது விட்டதைப் பிறகு சேர்த்துக் காட்டும் ரிட்டர்ன். 2027 மார்ச் 31க்குள் போட்டால் வரியும் வட்டியும் போக, அவற்றின் மேல் 25 சதவீதம் கூடுதல். தாமதித்தால் 50, 60, 70 என்று ஏறும். துறையிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டால் இந்த வழியும் அடைபடலாம். பத்திர நகல் கைக்கு வந்ததும், வெளிநாட்டு வருமானம் பார்த்துப் பழக்கமுள்ள ஆடிட்டரிடம் இரண்டு வருடக் கணக்கையும் ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள்.