எந்த 'முதல் பாகம்'?

கேள்வி: முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். இப்போது ஆங்கிலத்தில் மார்வெலின் 'டேர்டெவில்' சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வாங்க ஆசை. ஃபிராங்க் மில்லர், பெண்டிஸ், மார்க் வெய்ட், ஸ்டார்ஸ்கி என்று ஆளாளுக்கு ஒரு எழுத்தாளர் பெயர் சொல்கிறார்கள். கையில் நாலாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?
– வாசகர், காட்பாடி

பதில்: அந்த நாலாயிரத்தையும் ஒரே குண்டுப் புத்தகத்தில் போட்டுவிடாதீர்கள். முதலில் மில்லர் எழுதி, டேவிட் மட்சுகெல்லி வரைந்த 'பார்ன் அகெய்ன்' மட்டும் வாங்குங்கள். 1986-ல் 227 முதல் 233 வரை ஏழு இதழ்களில் வந்த கதை. கண் தெரியாத வக்கீல் மேட் மர்டாக்தான் டேர்டெவில் என்ற முகமூடிக்காரர் என்ற ரகசியத்தை, பழைய காதலி ஒரு போதை ஊசிக்காக விற்றுவிடுகிறாள். அது நிழலுலகத் தலைவன் கிங்பின் கைக்குப் போய்ச் சேர்கிறது. அவன் உடனே அடியாளை அனுப்புவதில்லை. வங்கிக் கணக்கு முடங்குகிறது, வக்கீல் தொழில் பறிபோகிறது, கடைசியில் வீடே வெடித்துச் சிதறுகிறது. இடிபாட்டுக்குள் தன் சிவப்பு உடை கிடப்பதைக் கண்டதும்தான், இதெல்லாம் யார் வேலை என்று மர்டாக்குக்குப் புரிகிறது. இவ்வளவும் முதல் இதழிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் அந்தக் கடைசிப் பக்கத்தில் நான் நின்றுவிடுவேன்.

இது பிடித்திருந்தால் அடுத்தது பெண்டிஸ். மனசுக்கு ரொம்பக் கனமாக இருந்தால் நேராக வெய்ட்டுக்குப் போங்கள்.

மில்லரின் முந்தைய கதைகள் அப்புறம் இருக்கட்டும். 1979-ல் அவர் ஓவியராக வந்தபோது விற்பனை சரிந்து, இதழ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது. 168-ம் இதழிலிருந்து எழுதவும் தொடங்கி, கூலிக்குக் கொலை செய்யும் எலெக்ட்ராவை உருவாக்கினார், ஸ்பைடர்மேனின் எதிரியான கிங்பினை இங்கே கொண்டுவந்தார். பின்னால் வந்த எல்லோரும் அவர் போட்ட பாதையில்தான் நடந்தார்கள். ஆனால் கட்டம் கட்டமாக விளக்க எழுத்து அதிகம். பழைய நடை பழகினால்தான் ருசிக்கும்.

பெண்டிஸ், ஓவியர் அலெக்ஸ் மாலீவ் கூட்டணி (2001–2006) என் கணக்கில் நீண்ட தொடர்களில் முதலிடம். சண்டை குறைவு, பேச்சு அதிகம். இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் பக்கங்கள் வரும். ஒரு பத்திரிகை மர்டாக்கின் ரகசியத்தைப் போட்டு உடைக்கிறது. அவர் மறுக்கிறார், அந்தப் பத்திரிகை மேலேயே வழக்குப் போடுகிறார். நியாயத்துக்காக வாதாடும் வக்கீல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தே பொய் சொல்கிறார். அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு பெண்டிஸ் வருஷக்கணக்கில் கதை நகர்த்துகிறார். முடிவில் மர்டாக் சிறையில். அடுத்த எழுத்தாளர் எட் ப்ரூபேக்கர், (1998-ல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிய எண் வரிசையில்) 82-ம் இதழில் அந்தச் சிறையிலிருந்தேதான் தொடங்குகிறார். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ப்ரூபேக்கரை முதலில் வாங்கினால், இடைவேளைக்கு அப்புறம் தியேட்டருக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிடும்.

வெய்ட் 2011-ல் வந்து கதைக்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தார். பாவ்லோ ரிவேராவும் மார்கோஸ் மார்ட்டினும் சத்தத்தையே கோடுகளாக வரைந்து காட்டுவார்கள். 2012-ல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதும் கிடைத்தது. ஸ்டார்ஸ்கி (2019–2023) கதையில், டேர்டெவில் அடித்த அடியில் ஒரு திருடன் செத்துப்போகிறான். பிரமாதமான தொடக்கம், புதியவருக்கும் புரியும். ஆனால் நடுவில் 'டெவில்ஸ் ரெய்ன்' என்ற தனிக் கதையையும் வாங்க வேண்டிவரும் என்பதால் செலவு கூடும்.

கேள்வி: ஆன்லைனில் மில்லர் என்று நினைத்து 'டேர்டெவில் வால்யூம் 1' வாங்கினேன். வேறு யாரோ எழுதியது வந்திருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்வார்களா?
– வாசகி, ஆற்காடு

பதில்: நானும் இதே குழியில் விழுந்தவன்தான். மில்லருக்குக் காத்திருந்தேன், வெய்ட் வந்தார். 1964-ல் தொடங்கிய இந்த இதழுக்கு 1998, 2011, 2014, 2019, 2022 என்று பலமுறை மறுபடி ஒன்றிலிருந்தே எண் போட்டிருக்கிறார்கள். அதனால் 'முதல் பாகம்' என்ற பெயரில் பல புத்தகங்கள் உண்டு. அட்டையில் எழுத்தாளர் பெயரையும், விவரத்தில் எந்த இதழ் முதல் எந்த இதழ் வரை என்ற வரியையும் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

விற்பனைப் பக்கத்தில் மில்லர் பெயர் இருந்து வேறு புத்தகம் வந்திருந்தால், 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் பதியுங்கள். விவரம் சரியாக இருந்து நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றால், அந்தக் கடை எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று சொல்லியிருக்கிறதோ அதுதான் வழி.

கேள்வி: வேலூர் வெயிலில் இந்தப் புத்தகங்கள் தாங்குமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பீரோ மேல் மட்டும் வைக்காதீர்கள். ஒரு கத்திரி வெயிலில் என் பெண்டிஸ் தொகுப்பின் பசை காய்ந்து, நடுவில் எட்டுப் பக்கம் கையோடு வந்துவிட்டது. வெயில் படாத சுவரோரம், கீழ்த்தட்டில், சாயாமல் நெருக்கி நிறுத்தி வையுங்கள். நூல் தைத்த கெட்டி அட்டைப் பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.