‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ என்ற ஆங்கிலப் பாட்டு ஒரே ஆள் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு செய்ததுதானே? அதை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

நீங்கள் துணிக்கடையிலோ பேக்கரியிலோ வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். டிசம்பர் முழுக்க ஒரே பாட்டு காதில் விழுந்துகொண்டிருந்தால் யாருக்கும் சலிப்பு வரும். அது நியாயம். ஆனால் ‘ஒரே ஆள், ஒரு மெஷின்’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் என்னைச் சுட்டது. இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஏற்காட்டில் எங்கள் குழுவில் இரண்டு பேரின் வயிற்றில் அடித்தார்கள்.

நான் சேலத்தில் மெல்லிசைக் குழுக்களுக்குக் கீபோர்டு வாசிப்பவன். திருவிழா மேடை, கல்யாண வரவேற்பு, டிசம்பர் பிறந்தால் மலைமேல் விடுதிகளில் கிறிஸ்துமஸ் கச்சேரி. நான் கிறிஸ்தவன் அல்லன். வெள்ளைக்காரர் பாட்டு என்றால் மயங்கிவிடுபவனும் அல்லன். அப்படிச் சொல்ல இங்கே சிலர் வருவார்கள் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1984 ஆகஸ்டில், நல்ல கோடையில், லண்டனில் அட்விஷன் ஸ்டுடியோ அறையில் கிறிஸ்துமஸ் தோரணங்களைக் கட்டிவிட்டுத்தான் ஜார்ஜ் மைக்கேல் இதைப் பதிவு செய்தார். ‘வாம்’ என்ற இருவர் குழுவின் பெயரில் வந்தாலும், எழுதியது, பாடியது, வாசித்தது, தயாரித்தது எல்லாம் அவர்தான். லின் டிரம் என்ற தாள இயந்திரம், ரோலண்ட் ஜூனோ 60 சிந்தசைசர், பனிவண்டியில் கட்டும் மணிகள், இவ்வளவே கருவிகள். கார்டும் (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நான்குதான்: டி மேஜர், பி மைனர், ஈ மைனர், ஏ மேஜர். பல்லவிக்கும் சரணத்துக்கும் அதே நான்குதான் சுற்றிச் சுற்றி வரும்.

ஆனால் அவர் அதை ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. தாளம் ஒரு தடம், பேஸ் ஒரு தடம், மணி ஒரு தடம், குரலின்மேல் குரல் என்று அடுக்கடுக்காக ஏற்றினார். அத்தனை அடுக்கையும் மேடையில் ஒரே நேரத்தில் எழுப்ப வேண்டுமானால் ஆள் வேண்டும். எனக்கு இருப்பது இரண்டு கைகள்.

ஏற்காட்டில் நாங்கள் வாசிக்கப் போன விடுதியின் மேலாளருக்கு இது புரியவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப்போய், கருவிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது எங்கள் குழுத்தலைவரிடம் வந்தார். “அண்ணா, அந்தப் பாட்டையே ஒருவர்தானே செய்தாராம்? கீபோர்டும் பாடகியும் போதும். தாளத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். ரிதம் பேட் வாசிக்கும் தம்பியும் பேஸ் கிட்டார்காரரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பேசிய சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. பஸ் கட்டணத்தைத் தலைவர்தான் தன் பையிலிருந்து கொடுத்து அனுப்பினார்.

இரவு புல்வெளியில் கச்சேரி. பனி இறங்கிக் கீபோர்டின் கட்டைகளெல்லாம் ஈரம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் துண்டால் துடைத்துவிட்டுத்தான் விரல் வைத்தேன். எங்கள் பாடகி ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, மூச்செடுக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பார். ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ பாட்டை மிக அழகாகப் பாடினார். மூன்றாவது முறை பல்லவி வந்தபோது கூட்டமே எழுந்து சேர்ந்துகொண்டது. அந்தத் தம்பி இருந்திருந்தால் நான் ஒரு பார்வை பார்த்தால் போதும், தாளத்தை நிறுத்தாமல் இன்னும் நான்கு சுற்று கொண்டுபோயிருப்பான். பென் டிரைவுக்கு என் பார்வை எப்படித் தெரியும்? தன் நேரம் முடிந்ததும் நின்றுவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதி வரியில் திகைத்துப்போனார்கள்.

இனி, ஏன் நிலைத்தது என்பது. இதில் மாட்டுத்தொழுவமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. போன பண்டிகைக்கு மனதைக் கொடுத்து ஏமாந்தவன், இந்த ஆண்டாவது தகுந்த ஒருவருக்குக் கொடுப்பேன் என்கிறான். சோகம்தான், ஆனால் மெட்டு ஆடச் சொல்கிறது. வருடக் கடைசியில் யாரையாவது நினைத்துக்கொள்ளாத மனிதர் உண்டா? அதனால்தான் எந்த மதத்தவரும் பாட முடிகிறது.

வந்தவுடனே உச்சிக்குப் போய்விடவும் இல்லை. 1984இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பலர் சேர்ந்து பாடிய ‘பேண்ட் எய்ட்’ பாட்டு பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. அதிலும் ஜார்ஜ் மைக்கேல் பாடியிருக்கிறார். இரண்டாமிடத்தில் நின்ற தன் பாட்டுக்கு வந்த உரிமைத்தொகையையும் அவர் அதே பஞ்சத்துக்கே கொடுத்தார். பின்னாளில் இணையத்தில் கேட்பதையும் தரவரிசைக் கணக்கில் சேர்த்தார்கள். பழைய பாட்டுகள் டிசம்பர்தோறும் மேலே ஏறத் தொடங்கின. 2021 ஜனவரியில் இது பிரிட்டனில் முதன்முறையாக முதலிடத்துக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2016இல், கிறிஸ்துமஸ் அன்றே இறந்துபோனார்.

நம் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது. ‘சகலகலா வல்லவன்’ படத்தின் ‘இளமை இதோ இதோ’. படம் வந்தது 1982 ஆகஸ்டில். புத்தாண்டையொட்டி வந்த படம் அல்ல. ஆனாலும் இளையராஜா இசையில் வாலி எழுதி எஸ்.பி.பி. பாடிய அந்தப் பாட்டை வாசிக்காமல் டிசம்பர் 31 இரவு சேலத்தில் எந்தக் குழுவும் மேடையை விட்டு இறங்க முடியாது. அதன் தொடக்கத்தில் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை.

எங்களுக்கு டிசம்பர்தான் அறுவடை. ஆடியில் அம்மன் பண்டிகை, அதன்பின் இதுதான். விளம்பரத்தில் ‘நேரடி இசை’ என்று போட்டுவிட்டு மேடையில் ஒரு கீபோர்டையும் பென் டிரைவையும் வைக்கும் விடுதிகள் மலையில் பெருகிவிட்டன. நுழைவுச் சீட்டின் விலையை மட்டும் யாரும் குறைக்கவில்லை. இந்த டிசம்பரில் நீங்கள் ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு வந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் தாளம் வாசிக்க ஆள் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.