மூன்று மீன்கொத்திகளும் ஒரு பாறைக்கரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் ஏரியில் சிறு மீன்கொத்தி, வெண்மார்பு மீன்கொத்தி, கருப்பு வெள்ளை மீன்கொத்தி மூன்றையும் ஒரே காலையில் காண்கிறேன். எது எங்கே அமர்கிறது என்று குறித்தும் வருகிறேன். ஒரே உணவை நாடும் இவை சண்டையின்றி வாழ்வது எப்படி? இந்த ஒற்றுமையை மனிதர்கள் கற்கக் கூடாதா? நல்ல பைனாக்குலர் எது?

கல்லூரி மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

பைனாக்குலரைக் கடைக்காரரிடம் கேளுங்கள். ஒற்றுமை என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். தன் எல்லைக்குள் நுழையும் தன் இனத்தையே விரட்டும் பறவையிடம் அதைத் தேடுவது சோம்பேறித்தனம். ஆனால் அமரும் இடத்தைக் குறித்து வருகிறீர்களே, அதற்காகவே இந்தப் பதில்.

அவற்றின் உணவும் முழுக்க ஒன்றல்ல. கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேல் அந்தரத்தில் சிறகடித்து நின்று பாய்கிறது. சிறியது தாழ்ந்த கிளையிலிருந்து சிறு மீன்களைப் பிடிக்கிறது. வெண்மார்பு மீன்கொத்தி நீரை விட்டு வெகுதூரம் விலகி வெட்டுக்கிளி, ஓணான், தவளை என்று தின்கிறது. ஆகவே போட்டியைத் தவிர்க்கவே பிரிந்தன என்று உடனே எழுதிவிடுவீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வேறுபாட்டைக் கண்டது வேறு, அதன் காரணத்தைக் கண்டது வேறு.

ஸ்காட்லாந்தின் மில்போர்ட் கடற்கரைப் பாறைகளில் ஓட்டுடலிகளான பார்னக்கிள்கள் இரண்டு இனங்கள் ஒட்டி வாழ்கின்றன: மேலே தமாலஸ், கீழே பெலனஸ். ஒவ்வொன்றும் தனக்கு உகந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சூழலியல் அறிஞர் ஜோசப் கானெல் வீடு திரும்பியிருக்கலாம். அவர் தனித்தனி உயிர்களின் இடத்தைக் குறித்துவைத்து, பாறையின் சில பகுதிகளில் பெலனஸைக் களைந்து பார்த்தார். அங்கே தமாலஸ் கீழேயும் பிழைத்தது; களையாத பகுதிகளில் பெலனஸ் அதன் மேல் வளர்ந்து மூடியது, அடியில் நுழைந்து பெயர்த்தது, நசுக்கியது. மேல்மட்டத்திலோ பெலனஸைத் தடுத்தது போட்டியன்று, நீர் வடிந்தபின் வரும் உலர்வு. ஒரே பாறை, இரண்டு எல்லைகள், இரண்டு காரணங்கள். 1961இல் வெளியான அந்த ஆய்வை, களைந்து பார்க்காமல் எவராலும் எழுதியிருக்க முடியாது. இன்றைய வேறுபாடுகளையெல்லாம் பழைய போட்டியின் தலையில் கட்டும் பழக்கத்தை 1980இல் கடுமையாகக் கேள்வி கேட்டவரும் அதே கானெல்தான்.

உங்கள் ஏரியில் எந்தப் பறவையையும் களைய முடியாது, களையவும் கூடாது. கோடையில் நீர் வற்றும்போது எது முதலில் இடம் மாறுகிறது என்று குறியுங்கள். அதையும் சோதனை என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். நீர் குறையும்போது மீனும் குறைகிறது, அமரும் கிளைக்கும் நீருக்கும் இடையே தூரமும் கூடுகிறது, இவற்றில் எது பறவையை நகர்த்தியது என்பதை உங்கள் குறிப்பேடு மட்டும் சொல்லிவிடாது.