தோட்டத்து ரயிலை யாரிடம் ஒப்படைப்பது? – கடிதமும் பதிலும்

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்கள் உச்சிப்புளிப் பக்கம் வந்தபோது என் தென்னந்தோப்பில் ஓடும் மாடல் ரயிலைப் பார்த்திருக்கிறீர்கள். கப்பலில் எஞ்சினியராக இருந்த காலத்தில் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் பழைய சாமான் கடைகளில் எல்.ஜி.பி. என்ற ஜெர்மன் மாடல் ரயிலின் தண்டவாளமும் பெட்டிகளுமாக வாங்கிச் சேர்த்தேன். ஓய்வுக்குப் பிறகு அவற்றைத் தோப்பில் போட்டேன். மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய வைபி நீராவி எஞ்சினின் மாதிரி ஒன்றையும், பாம்பன் தூக்குப் பாலத்தையும் நானே செய்தேன். இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. குனிந்தால் எழ முடியவில்லை. மகள் சென்னைக்கே வந்துவிடச் சொல்கிறாள். தோப்பையும் கொடுத்துவிடப் போகிறோம்.

ரயிலைப் பல பேர் கேட்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் தங்கும் விடுதி நடத்துபவர் மொத்தமாக, நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒரு பள்ளிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கேட்கிறார்கள். கோவையிலும் பெங்களூரிலும் இருக்கும் மாடல் ரயில் நண்பர்களுக்கு எஞ்சின்கள் மட்டும் வேண்டும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என்னோடு வேலை செய்யும் இரண்டு பையன்கள். ஒருவர் பரமக்குடியில் எலக்ட்ரீசியன், இன்னொருவர் கல்லூரியில் படிக்கிறார். அவர்களிடம் பணமும் இல்லை, எல்லாவற்றையும் போட இடமும் இல்லை. என் மனைவி "பையன்களுக்கே கொடுங்கள்" என்கிறாள். எனக்கோ அது பிரியாமல் முழுதாக இருக்க வேண்டும் என்று ஆசை. பிரித்துவிட்டால் என் ரயில் இல்லாமலே போய்விடும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உச்சிப்புளி வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினி சொல்வதுதான் சரி. பையன்களுக்குக் கொடுங்கள். முழுதாக இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். உங்களுக்கு இது வலிக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

இந்த ரயிலைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கொஞ்சம். தோட்டத்து ரயில் என்பது பேட்டரி போட்டு ஓடும் பொம்மை இல்லை. ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்து லேமான் நிறுவனம் 1968ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் கொண்டுவந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர். வெயில், மழை தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர், பித்தளைத் தண்டவாளம். அதன் அளவு 1:22.5, அதாவது அசலில் 22.5ல் ஒரு பங்கு. மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்; அந்த ஆயிரம் மில்லிமீட்டரை 22.5ஆல் வகுத்தால் 44.4 வரும். அதாவது அது அசலான மீட்டர் கேஜ். நம் ராமேஸ்வரம் லைன் 2007ல் அகலப்பாதையாகும் வரை எந்தத் தண்டவாளத்தில் ஓடியதோ, அதன் சிறிய வடிவம்தான் அண்ணன் தோப்பில் கிடக்கிறது. அதனால்தான் அந்த வைபி எஞ்சின் அதில் அவ்வளவு பொருத்தமாக நிற்கிறது. நாங்கள் சின்ன வயதில் மண்டபம் ஸ்டேஷனில் பார்த்த எஞ்சினின் அதே தோள், அதே புகைபோக்கி. பாம்பன் பாலத்தில் தூக்கும் பகுதி மட்டும் அசலில் கிட்டத்தட்ட 68 மீட்டர். அண்ணன் செய்தது 3 மீட்டர். பாலம் முழுவதையும் அதே அளவில் செய்திருந்தால் 90 மீட்டருக்கு மேல் போயிருக்கும், தோப்பு போதாது.

சரி, விடுதிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. விலை கொடுக்கிறார், மொத்தமாக எடுக்கிறார். ஆனால் ரயில் ஓடுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று அவர் பார்த்திருக்கிறாரா? நான் பார்த்தேன். விடியும்போதே பையன்கள் இருவரும் வந்து, பழைய வேட்டித் துணியை நனைத்துப் பாதை முழுக்கத் தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே நகர்ந்தார்கள். துணி கறுத்துப்போகிறது. களிம்பு ஏறிய இடத்தில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்க்கிறார்கள். அப்புறம் பாதை பிரியும் ஒவ்வொரு பாயின்ட்டிலும் முழங்காலிட்டு உட்கார்ந்து, நகரும் அலகுக்கும் நிற்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு பழைய டூத்பிரஷ்ஷால் மணலைத் தட்டுகிறார்கள். ஒரு மணல் பரல் சிக்கினாலும் அலகு முழுதாக ஒட்டாது, வண்டி அங்கே இறங்கிவிடும். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது இதையெல்லாம் மத்தியானம் மறுபடி செய்ய வேண்டும். மேலே இருந்து குரும்பை விழும், பன்னாடை விழும். தண்டவாளம் வழியாகத்தான் மின்சாரம் சக்கரத்துக்குப் போகிறது, உப்புப் படிந்தால் எஞ்சின் திக்கித் திக்கி நின்றுவிடும். காரைக்குடியில் உப்புக் காற்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் வெயிலும் தூசியும் எறும்பும் உண்டு. இந்த வேலையைச் சம்பளத்துக்கு ஒருவர் சில வாரம் செய்வார். ஒரு நாள் வண்டி நின்றுபோகும், ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் அது நடைபாதை ஓரத்து அலங்காரம்தான்.

பள்ளிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூக்குப் பாலத்தின் அருமையே அது திறப்பதில்தான் இருக்கிறது. 1914லிருந்து கப்பல் வரும்போதெல்லாம் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் ஷெர்சர் என்ற அமெரிக்க எஞ்சினியரின் முறையில் அமைந்த அந்த இறக்கைகள் இரண்டையும் திறந்தார்கள். அதை அப்படியே நீங்கள் ஒரு கைப்பிடியில் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதைச் சுற்ற விடாமல் கண்ணாடிக்குள் வைப்பதற்குப் பதில் ஒரு படமே போதும்.

இப்போது நீங்கள் கேட்டதன் மையத்துக்கு வருகிறேன். பிரித்தால் உங்கள் ரயில் இல்லாமல் போய்விடும் என்கிறீர்கள். நீங்கள் மாதிரியாக எடுத்துக்கொண்ட அசலுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். மீட்டர் கேஜ் பாதைகள் இங்கே மாறமாற, அவற்றில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின்களில் எத்தனையோ மலேசியாவுக்கும் மியான்மருக்கும் போய் அங்கே வண்டி இழுத்தன. நம் லைனைவிட்டுப் போனதால் அவை ஓடாமல் இல்லை. இதே பாம்பனில் 1964 டிசம்பர் புயல் பாலத்தின் கர்டர்களை அள்ளிக் கடலுக்குள் போட்டபோது, அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துத் தூக்கிவந்து திரும்பப் பொருத்தித்தான் ரயில்வே எஞ்சினியர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாதையைத் திறந்தார்கள். துண்டு துண்டாகப் போனது எல்லாம் அழிந்துபோனது ஆகாது. எல்.ஜி.பி. செய்த நிறுவனமே 2006ல் திவாலாகி, அடுத்த ஆண்டு மெர்க்லின் என்ற இன்னொரு ஜெர்மன் மாடல் ரயில் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனால் அந்த 45 மில்லிமீட்டர் இருப்பதால் நீங்கள் ஹாம்பர்க்கில் வாங்கிய தண்டவாளத்தில் இன்றைக்கு யார் செய்த எஞ்சினும் ஓடும். உங்கள் ரயில் பிரிந்து போகத் தோதாகவே செய்யப்பட்ட பொருள்.

முழுதாக வைத்தே தீருவேன் என்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுதாக எடுக்க ஆள் கிடைக்கும் வரை அது தோப்பிலேயே கிடக்கும். தோப்பு கைமாறும். வாங்குபவர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்கு அது காலில் இடறும் பித்தளை. பழைய சாமான்காரர் தராசோடு வருவார். கிலோ கணக்கில் போகும். இது நடக்கக் கூடாது என்றுதான் உங்களை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பங்கிடுவது எப்படி என்று என் யோசனை. தண்டவாளமும் பாயின்ட்டுகளும் பையன்களுக்கு. அவர்களிடம் இடம் இல்லை என்பது பெரிய தடை இல்லை. கால்வாசிப் பாதையைப் போட ஒரு வீட்டுக் கொல்லை போதும், மீதியைக் கட்டி வைக்கலாம், பித்தளை கெடாது. கடையில் வாங்கிய எஞ்சின்களில் நல்லதைக் கோவை, பெங்களூர் நண்பர்களுக்கு நியாயமான விலைக்குக் கொடுங்கள். நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் எச்.ஓ. என்ற 16.5 மில்லிமீட்டர் பாதையில், வீட்டுக்குள் மேசைமேல் ஓட்டுபவர்கள். வெளியில் போட வெயிலும் மண்ணும் உள்ளவரா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் பையன்களுக்கு ரேடியோ கட்டுப்பாடும் பேட்டரியும் வாங்கிக்கொடுங்கள். மின்சாரம் எஞ்சினுக்குள்ளேயே இருந்தால் தண்டவாளத்தில் களிம்பு ஏறினாலும் வண்டி நிற்காது. கடலோரத்துக்கு அதுதான் வழி. எலக்ட்ரீசியன் தம்பிக்கு அது பெரிய வேலையே இல்லை. வைபி எஞ்சினையும் அவரிடமே கொடுங்கள். அதன் வயிற்றில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று உங்களுக்கு அடுத்து தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பாலம் மட்டும் இந்த மாவட்டத்தைவிட்டுப் போகக் கூடாது. எஞ்சின் எங்கே போனாலும் எஞ்சின். ஆனால் அந்தப் பாலத்தைக் கோவையில் ஒருவருக்கு விளக்கித்தான் காட்ட வேண்டும். இங்கே பாம்பன், தங்கச்சிமடம் ஆட்கள் யார் வந்து பார்த்தாலும் உடனே கைப்பிடியைத் தேடுவார்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் இரும்புத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. இரண்டு பக்கமும் இறக்கை விரிகிற காட்சியை இனிமேல் குழந்தைகள் பார்க்க உங்கள் பாலம் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கேட்டுக்கொள்வது இது. நீங்களே பிரித்துப் பெட்டி கட்டிக் கொடுக்காதீர்கள். உங்கள் முழங்காலுக்காக மட்டும் சொல்லவில்லை. பையன்களே பிரிக்கட்டும், நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லுங்கள். எந்த இணைப்பைத் தட்டிக் கழற்ற வேண்டும், எதை நெம்பினால் உடையும், எந்த வளைவில் அடியில் ஓட்டுச்சில்லு வைத்து மட்டம் பார்த்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. அது அவர்கள் கைக்குப் போகும் வழி இது ஒன்றுதான். ஒவ்வொரு துண்டின் ஸ்லீப்பர் அடியிலும் பெயின்ட்டால் எண் போடச் சொல்லுங்கள். எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம்: எப்போது எண்ணெய் விட்டது, எந்தப் பல்சக்கரம் மாற்றியது, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் எது. எதிலாவது பழைய பேட்டரி இருந்தால் கழற்றி எடுத்துவிடுங்கள், அதைப் பிறர் தலையில் கட்ட வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அப்புறம் ஒரு விஷயம். தண்டவாளத்தைப் போர் தண்ணீரில் கழுவ விடாதீர்கள். உங்கள் தோப்புத் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உங்களுக்கே தெரியும், கழுவிக் காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் நாலு குடம் பிடித்து வைத்து அதில் அலசி, வெயிலில் உலர்த்திக் கட்டுங்கள்.

மதினியின் செடிகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் துளசியையும் மருக்கொழுந்தையும் வெட்டி வெட்டி மரம்போல் ஆக்கியிருந்தார்களே, ரயிலில் பாதி அழகு அதுதான். அவற்றிலிருந்து கிளை வெட்டித் தொட்டியில் வைத்துப் பையன்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு வெட்டினால் செடி தாங்கும் என்பதையும் மதினியே சொல்லிக்கொடுக்கட்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு சென்னைக்குப் போகாதீர்கள். இருப்பதிலேயே சிறிய ஆரமுள்ள வளைவுத் தண்டவாளம் 12 துண்டு எடுத்து வையுங்கள். சேர்த்தால் 1.2 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம், பிளாட்டின் ஹாலில் சோபாவை ஒரு பக்கம் தள்ளினால் போதும். கூடவே அந்தச் சின்ன ஸ்டைன்ஸ் எஞ்சினும் இரண்டு பெட்டியும். வைபி அந்த வளைவில் திரும்பாது, ஸ்டைன்ஸ் திரும்பும். பிரிக்கும் நாளைச் சொல்லி அனுப்புங்கள், நானும் வந்து துண்டுகளுக்கு எண் போடுகிறேன்.

அன்புடன்,
தம்பி