வாசகர் கேள்விகள்: வளர்ச்சிக் கணக்கில் விடுபட்டவை

கேள்வி: அபிவிருத்தியையும் நுகர்வையும் குறைசொல்பவர்கள், வீதியும் மின்சாரமும் இல்லாத பழைய படுவான்கரைக்கே (மட்டக்களப்பு வாவியின் மேற்குக்கரை) எங்களைத் திரும்பச் சொல்கிறார்களா?
— வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: இல்லை. 2014இல் வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, நோயாளியோடு துறையில் ‘பாதை’ எனும் மிதவைப் படகுக்காகக் காத்து நின்ற இரவுகளை அனுபவித்த எவரும் அந்தக் காலத்தைத் திரும்ப அழைக்க மாட்டார்கள். பாலம் வேண்டும். என் ஆட்சேபம் கணக்கு எழுதும் முறையைப் பற்றியது. வாவிக்கரையில் கண்டல் மரங்கள் நிற்கும்வரை நாட்டு வருமானக் கணக்கில் அவற்றுக்குப் பெறுமதி இல்லை. அவற்றை வெட்டி இறால் பண்ணைக்குக் குளம் தோண்டியதும் வருமானம் ஏறுகிறது. ஆனால் அந்த வேர்களுக்கிடையே வளர்ந்த மீன்குஞ்சுகளும், அவற்றை நம்பி வலை வீசியவரின் பிழைப்பும் எந்த ஏட்டிலும் நட்டமாகப் பதியப்படுவதில்லை.

காரைதீவு விபுலானந்த அடிகளைத் தந்த அதே 1892ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, கணக்காய்வாளராகத் தொழில் செய்து, பின்னர் காந்தியடிகளோடு இணைந்தவர். இயற்கையை நோக்கியே பொருளாதாரத்தை அவர் வகைப்படுத்தினார்: தான் ஒட்டிய உயிரையே தின்று வாழும் ஒட்டுண்ணி ஒருபுறம், தேன் எடுக்கும்போதே பூவைக் காய்க்கச் செய்யும் தேனீ மறுபுறம். நம் கரையில் எதைத் தொடங்கினாலும் அது இவ்விரண்டில் எதைச் சேரும் என்று கேட்பதே, எனக்குத் தெரிந்தவரை, மிக நேர்மையான அபிவிருத்திக் கேள்வி. நம் இலங்கையில் 1958இல் தொடங்கிய சர்வோதய இயக்கமும் மனிதரின் அடிப்படைத் தேவைகள் பத்து என வகுத்தபோது, தூய்மையான சூழலை முதலிலும் பண்பாட்டு, ஆன்மிகத் தேவைகளை இறுதியிலும் வைத்தது.

ஆன்மிகம் என்றதும் துறவை நினைக்க வேண்டாம். நம் கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றில் வைகாசிச் சடங்கிற்கே கதவு திறக்கிறது. அம்மனைக் குளிர்விக்கும் நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடிந்ததும் அடைக்கப்படுகிறது. அந்த நாட்களில் ஊரே விரதம் காக்கிறது. மழை பெய்யவும் நோய் நீங்கவும் எல்லா வீட்டாருக்குமாகச் சேர்த்து வேண்டப்படுகிறது. அளவு என்ற ஒன்றை நம் முன்னோர் அப்படித்தான் பழகிக்கொண்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்ததில் எங்கள் வேளாண்மை படுத்துவிட்டது. இனியும் இயற்கை வழியை எப்படி நம்புவது?
— வாசகர், சம்மாந்துறை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. மே மாதத்தில் விதித்து நவம்பரில் விலக்கிய அந்தத் தடை, பல ஆண்டுகளில் மெல்லத் தேற வேண்டிய மண்ணை ஒரே போகத்தில் மாறச் சொல்லியது. செலவு முழுவதும் கமக்காரர் தலையில் விழுந்தது. கட்டளையால் வந்ததை இயற்கை வழி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற அறுவடையின்போது ஒரு வயல் வட்டையின் வரம்பில் நின்றேன். இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோல் வரிவரியாகக் கிடந்தது. பொழுது சாயும்போது அதற்குத் தீ வைத்தார்கள். சாம்பல் பறந்து வந்து என் சட்டையில் ஒட்டியது. தீ வைத்தவரே, அடுத்த போகத்துக்கு யூரியா வாங்கக் கடன் கேட்கப் போவதாகச் சொன்னார். அவர் வாங்கப்போகும் நைதரசனில் ஒரு பங்கு அவர் கண்ணெதிரே புகையாகிக்கொண்டிருந்தது. மண்ணை இளகவைக்கும் சேதனப் பொருளும் அதோடு சேர்ந்தே போனது.

ஆகவே முழுக் காணியையும் மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரேயொரு வரவையில், அதாவது வரம்பு சூழ்ந்த ஒரு வயல் துண்டில், வைக்கோலை எரிக்காமல் பரப்பி, மாட்டெருவும் இட்டு உழுதுவிடுங்கள். பசளையை அங்கே மட்டும் போகத்துக்குப் போகம் சிறிது குறையுங்கள். விளைச்சலை மட்டுமன்றி, கடைக்குக் கொடுத்த காசையும் அந்த வரவைக்கெனத் தனியாக ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்று மாரி கழிந்தபின் அந்தக் கொப்பியோடு எனக்கு எழுதுங்கள். எண்களை இங்கேயே வெளியிடுவோம்.